கவரைப் பிரிக்குமுன்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூரில் நாங்கள் நர்சுகளாக இருந்த ஆஸ்பத்திரியில் நிமோனியா பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூன்று நாள் ஊசி போட்டு, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால் போதுமா, வழக்கம்போல ஏழு நாளும் வார்டில் வைத்து ஊசி போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெரியவர்கள் வார்டு எனக்கு, குழந்தைகள் வார்டு அவளுக்கு. வருஷக் கடைசியில் எங்களில் ஒருத்திக்குத்தான் ஆராய்ச்சிப் பிரிவில் நிரந்தர வேலை.

யாருக்கு எந்த வைத்தியம் என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஒட்டி வைத்த கவர்களில் வரிசைப்படி அடுத்ததைப் பிரிக்க வேண்டும். உள்ளே 'வீடு' அல்லது 'வார்டு' என்று இருக்கும்.

அந்த வாரம் எந்த வார்டில் எத்தனை பேர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள் என்று, அதை நடத்திய டாக்டர் திங்கள்கிழமை மீட்டிங்கில் வாசிப்பார். எப்போதும் அவள் பக்கம்தான் ஜாஸ்தி. அவள் எனக்கு நாலு வருஷம் ஜூனியர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசுவாள். தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். என் வார்டிலோ வயசானவர்களை விட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் வயசுப் பசங்கள். "வீட்டுக்குன்னு வந்தா சேர்றேன் சிஸ்டர். வார்டுன்னா வேணாம், லீவு இல்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒருநாள், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் ஒரு கவரைத் தற்செயலாக வைத்தேன். தற்செயல் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் என்ன? 'வீடு' என்றால் கம்பெனி ஆளிடம் போவேன். 'வார்டு' என்றால், வீட்டுக்குப் போகப் பயப்படும் வயசானவர்களிடம். ஒருவரும் மறுக்கவில்லை. சீக்கிரமே அவளை முந்திவிட்டேன். டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியபோது அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு ஒருநாள் டாக்டர் என் காகிதங்களோடு வந்தார். "வீட்டுக்குப் போனவங்க எல்லாம் வயசுப் பசங்க, வார்டுல இருந்தவங்க எல்லாம் வயசானவங்க. எப்படி சிஸ்டர்?"

வயசுப் பையன் எந்த வைத்தியத்திலும் தேறியிருப்பான். அதைப் பார்த்து, மூன்று நாள் ஊசியே போதும் என்று நம்பி எல்லோரையும் அனுப்பிவைத்தால் கிழவர்கள் கதி என்ன? அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒப்புக்கொண்டேன். என் வார்டை ஆராய்ச்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரின் சம்மதமும் வீண். நிரந்தர வேலை அவளுக்கு.

என் வார்டுக் கவர்கள் இருந்த அலமாரியின் சாவியை அவளிடம் ஒப்படைக்கப் போனேன். அவள் எதிரில் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அந்த வெளிச்சத்துல வெச்சா தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள்.

"அப்பறம் இன்னாத்துக்கு நீ பாக்கல?"

"பாக்கலாம்னுதான் ஒரு கவரை எடுத்துக்கினு போனேன். நடுவுல ஒரு அம்மா, 'எம்புள்ளைக்கு எது வரும் சிஸ்டர்'னு கேட்டாங்க. 'எனக்கும் தெரியாதும்மா'ன்னு சொல்லிட்டேன். அப்பறம் எப்படிக்கா பாக்கறது?"

குத்திக்காட்டவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். இப்படிப்பட்டவளை எப்படித்தான் பிடிக்கும்? வேலை கைநழுவிய வருத்தம் எனக்கு என்றோ ஆறிவிட்டது. கவரைக் கையில் வைத்துக்கொண்டும் பார்க்காமலே அவள் திரும்பி வந்தாளே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை.