ஜொவிட்டா கேட்ட வெள்ளைக் குட்டி

ஜொவிட்டாவுக்கு விழித்துக்கொண்டே கனவு காணும் வியாதி உண்டு. சாந்தோமில் பஸ் ஏறி கிண்டியில் இறங்க வேண்டியவள், ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் கத்திப்பாரா தாண்டித்தான் கண் திறப்பாள். அக்கா லிண்டா பள்ளிக்கூட டீச்சர். "உன்னை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?" என்று தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். நாற்பத்தைந்து வயதாகியும் தங்கை திருந்தியபாடில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில்கூட அவள் வாசல் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சர்ச் பங்குக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், மான் புழுக்கை பொறுக்குவது! சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது. கிண்டியில், பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்களே திருதிருவென்று விழிக்கும் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். அதன் பின்னால் வேலி போட்ட புல்வெளி, அதில் முப்பது சொச்சம் வெளிமான்கள். புழுக்கையின் மேல்பூச்சில் அந்த மானின் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் இது யார் பிள்ளை, யாருக்குத் தம்பி என்று குடும்பக் கதையே தெரிந்துவிடும். மானைத் தொடக்கூட வேண்டாம். காலையில் பொறுக்குவாள், பகலெல்லாம் ஆய்வகத்தில் சின்னச் சின்னக் குழாய்களோடு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு அது சொர்க்கம். மார்கழிப் பனி புல்லின் மேல் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். கால்களே இல்லாமல் மான்கள் அதன்மேல் மிதந்து போகும். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம்கூட அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு போவதாக அவளுக்குத் தோன்றும். புழுக்கைப் பையைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நிற்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தப் பனிக்குள்தான் பஞ்சு இருந்தாள். மற்ற பெண்மான்களெல்லாம் பழுப்பு, பஞ்சு மட்டும் தூய வெள்ளை. சில நாள் பனி எது, பஞ்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவள் பிறந்த நாளிலிருந்து ஜொவிட்டாவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. ஆனால் பஞ்சுவுக்குக் குட்டி தங்கவில்லை. முதல் குட்டி எழுந்து நிற்கவே இல்லை. இரண்டாவது நின்றது, பால் குடித்தது, ஒரு வாரத்தில் போய்விட்டது. இரண்டு முறையும் பஞ்சு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து ஜொவிட்டா சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

பொறுக்க மாட்டாமல் ஒரு சனிக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போனாள். வாசல் கடைகளில் காணிக்கைக்குத் தகட்டு உருவங்கள் விற்பார்கள். கண் வலித்தால் கண், குழந்தை வேண்டுமானால் தொட்டில். இவள் மான் கேட்டாள்.

"மானா? அதெல்லாம் வர்றதில்லம்மா. ஆடு கீது, எடுத்துக்கோ. கொம்பு கீதுல்ல? மாதாவுக்குத் தெரியாதா இன்னா?" என்றாள் கடைக்காரி.

ஆட்டைக் காணிக்கை வைத்து ஜொவிட்டா மனமுருகக் கேட்டாள். "தாயே, பஞ்சு ஒத்தையா நிக்கிறா. அவளாட்டமே ஒரு வெள்ளைக் குட்டி குடு."

மாதா கொடுத்துவிட்டாள்! அடுத்த மார்கழியில் பஞ்சுவின் வயிற்றிலிருந்து பால்துளி போல ஒன்று விழுந்தது. ஜொவிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் தாண்டியதும் ஆய்வகம் முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். விஞ்ஞானி கீர்த்தி மட்டும் வாங்கியதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அசோக் நகர்ப் பெண், தி.நகரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வயதில் பதினைந்து வருடம் சின்னவள், ஜொவிட்டாவை வாய் நிறைய அக்கா என்பாள்.

"அக்கா, உட்காருங்க. குட்டியோட ரிசல்ட் வந்திருக்கு. இதுக்கு அப்பாவும் தாத்தாவும் ஒண்ணுதான்."

ஜொவிட்டாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பஞ்சுவின் அப்பன், அந்தப் பெரிய கடாமான்!

"ச்சீ!" என்றாள்.

"மான் மேல என்ன தப்பு? வேலி போட்டது நாம. வெளிய போக வழியில்ல, வெளியேர்ந்து வர ஆளில்ல. உங்க வீட்டுல ஒரே உறைமோரையே விடாம ஊத்திட்டு வந்தா என்ன ஆகும்?"

"தயிர் நூல் விடும். கொழகொழன்னு போயிரும்."

"அப்ப?"

"பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி வாங்குவோம்."

"அதேதான் அக்கா. இது பூரா ஒரே உறை. வெள்ளை நிறம் உள்ள ஒளிஞ்சிருக்கும். அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் வந்தாத்தான் வெளிய தெரியும். நெருங்கின சொந்தத்துல அப்படி வர்றது ரொம்ப சுலபம். அதே மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியாத குறை இன்னும் எத்தனை சேருதோ. போன ரெண்டு குட்டியும் சும்மா சாகல."

கோவா கீர்த்தியின் கையில் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஜொவிட்டா டப்பாவை மூடினாள்.

அசையாமல் படுத்துக்கொண்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது மான்குட்டிகளின் நம்பிக்கை. தாய் மேயப் போனதும் வெள்ளைக் குட்டியும் அப்படித்தான் படுத்தது, பச்சைப் புல்லில் காயப்போட்ட வேட்டி மாதிரி. மதில் இடுக்கு வழியாக வந்த தெருநாய்களுக்குத் தேடும் வேலையே இருக்கவில்லை.

நான்தானே கேட்டேன் என்று ஜொவிட்டா உடைந்துபோனாள். பிழைக்க வேண்டும் என்று கேட்டாளா? ஓடத் தெம்பு கேட்டாளா? பாவி, நிறத்தை அல்லவா கேட்டாள்! அதன்பின் பெசன்ட் நகர்ப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை.

கீர்த்தி சும்மா இருக்கவில்லை. தெற்கே ஒரு புல்காட்டு மந்தையிலிருந்து புழுக்கை வரவழைத்தாள். இவர்களோடு ஒட்டும் உறவும் இல்லாத ரத்தம் எது என்று பார்த்துப் பொறுக்கினாள். மேலிடத்து அனுமதிக்காக வருடம் ஒன்றுக்கு மேல் நடையாய் நடந்தாள். ஒரு விடியற்காலை லாரியில் அவன் வந்து இறங்கினான். கரியவன், முறுக்கிய கொம்பு, யாரையும் மதிக்காத பார்வை. பழைய கடாமான் வேறு ஊர் மந்தைக்குப் போயிற்று.

"மாப்ள வந்துட்டாரும்மா!" என்று வேலிக் காவலர் ஷரஃபுதீன் கூவினார். ஜொவிட்டாவுக்கு அந்தக் கரியவனைக் கண்டாலே ஆகவில்லை.

"இவனுக்கும் பஞ்சுவுக்கும் பொறந்தா வெள்ளையா இருக்குமா கீர்த்தி?"

"இவன்கிட்ட அது இல்லக்கா. பழுப்பாத்தான் பொறக்கும்."

"ஒண்ணுகூடவா?"

"பொழைக்கணுமா, வெள்ளையா இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அன்றைக்குப் பஸ்ஸில் ஜொவிட்டாவுக்குக் கனவே வரவில்லை. சாந்தோமில் ஒழுங்காக இறங்கி நேரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து லிண்டா பயந்தே போனாள்.

மாதங்கள் ஓடின. பஞ்சுவின் வயிறு கனத்துத் தொங்கியது. கடைசி நாட்களில் ஜொவிட்டா வேலியோரமே பழியாய்க் கிடந்தாள். ஒரு காலை வந்து பார்த்தபோது வயிறு ஒட்டியிருந்தது. பஞ்சு தனியாக மேய்ந்துகொண்டிருந்தாள்.

"பாய், குட்டி எங்க?"

"தெரியலம்மா. நானும் விடிஞ்சதுலேர்ந்து தேடிகினு கீறேன். எங்கயும் காணோம்."

மதில் இடுக்கையெல்லாம் எப்போதோ அடைத்தாயிற்று. ஆனால் நாய்க்கா வழி தெரியாது? மாசிப் பனி பாதி கலைந்திருந்தது. ஜொவிட்டா வேலியைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு புதராய், ஒவ்வொரு புல்மேடாய்ப் பார்த்தாள். வெள்ளைக் குட்டி பிறந்தபோது கேட்டுக்கு வெளியிலிருந்தே கண்ணில் பட்டது. இப்போதோ புல், மறுபடி புல், அதுவும் காய்ந்து பழுப்பேறிய புல். பஞ்சு ஏன் சுற்றிச் சுற்றி வராமல் இவ்வளவு நிதானமாக மேய்கிறாள்? நாலாவது முறை அழக்கூடத் தெம்பில்லையோ? ஜொவிட்டாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பஞ்சு தலை நிமிர்ந்தாள். நாலு எட்டு நடந்து வந்து, ஜொவிட்டா ஏற்கனவே மூன்று தரம் உற்றுப் பார்த்த ஓர் இடத்தில் நின்றாள். அங்கே தரையில் கொஞ்சம் புல் அசைந்தது. அசைந்தது எழுந்தது. எழுந்ததற்கு நாலு கால், இரண்டு காது. முட்டி முட்டிப் பால் குடித்தது.

"யா அல்லா! எம்மாம் நேரம் கண்ணு முன்னாலயே இருந்துகீது பாரு!" என்றார் ஷரஃபுதீன்.

வயிறு நிறைந்ததும் குட்டி படுத்தது. படுத்த கணமே மறுபடி காணாமல் போனது. எங்கே என்று தெரிந்திருந்தும் ஜொவிட்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை. தாரைதாரையாக வழிந்ததைத் துடைக்காமல் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்படியே இருடா தங்கம்" என்றாள் புல்லைப் பார்த்து. "யார் கண்ணுலயும் பட்டுடாத. என் கண்ணுலயும்தான்."