இடமாற்றம் என்று கேட்ட சொல்

மூவிருளுக்குள் கருவுக்கு உருவளிக்கும் இறையோனே, எழுதும் என் கைக்குத் துணையிருப்பாய். றபீஉல் அவ்வல் மாதத் தலைப்பிறை கண்டு வந்த திங்கட்கிழமை, விடியலில் சுபஹு தொழுதபின் இதைத் தொடங்குகிறேன்.

என் ஒரே மகள் சுமந்த மூன்று கருக்களில் ஒன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் இறைவனை இறைஞ்சும் முனாஜாத்துப் பாடி, ஓதிய தண்ணீர் கொடுத்தேன். மூன்றாவதும் கலைந்தபின் அவளுடைய இரத்தத்தையும் மருமகனுடைய இரத்தத்தையும் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டரின் அறைத் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளிருந்து ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "இடமாற்றம்தான் காரணம்."

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருப்பார். மகளின் வீட்டை நான் கட்டியது ஒருமுறை கடல் ஏறி வற்றிய வளவு நிலத்தில். அந்த மண்ணைப் பற்றி முன்பே எனக்கொரு கலக்கம் இருந்தது. வேறு விளக்கம் கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே வீட்டைப் பூட்டி, இருவரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பராமரிக்கத்தான் அழைக்கிறேன் என்று மகள் எண்ணியிருக்கிறாள்.

நான்காவது கரு தங்கிய செய்தி கேட்டதும், இடத்தை மாற்றியாயிற்று, இனி அச்சமில்லை என்றேன். மகள் கேட்டாள்:

"வாப்பா, டொக்டர் சென்னது வீட்டையா? என்ட நிறமூர்த்தத்தில, குரோமோசோம் எண்டுறாங்களே, அதில ரெண்டு துண்டு இடம் மாறிக் கிடக்காம். எனக்கு அதால ஒண்டுமில்ல. புள்ளைக்குப் போகக்குள்ள ஒரு துண்டு கூடிரும், ஒண்டு கொறஞ்சிரும். அப்பிடி ஆனா தங்காது."

"நல்லவேள மாமா, ஆஸ்பத்திரியப் பூட்டல்ல" என்றார் மருமகன்.

அந்த மாற்றம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாமாம். பெற்றோரையும் பரிசோதிக்க டொக்டர் சொன்னதை இத்தனை நாளும் என்னிடம் மறைத்தாளாம்.

அவள் பிறக்குமுன் என் மனைவியும் இருமுறை இழந்தாள். அவளுடைய வீடு சரியில்லை என்று என்னைப் பெற்ற உம்மா சொன்னபோது நான் தலையசைத்தேன். மனைவி இப்போது மையவாடியில் அடக்கமாகியிருக்கிறாள். கேட்க மீந்திருந்தது என் இரத்தம் மட்டுமே. கொடுத்தேன். அதே மாற்றம் என்னிலும் இருந்தது.

கரு பிழைக்கவும் கூடும், முன்கூட்டிச் சொல்வதற்கில்லை என்கிறார் டொக்டர். மூன்றாம் மாதம் முடிய எட்டு நாள் இருக்கிறது. மகள் சாவியைக் கேட்டு வாங்கித் தன் வீட்டுக்கே போய்விட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கையில், இடுப்பு வலிப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். முனாஜாத்தை எடுத்தேன். உதிரம் என்ற சொல் என் இரத்தத்தையே சுட்டுவதுபோலிருக்க, ஏட்டை மூடிவைத்துவிட்டு இதைத் தொடர்கிறேன்.

யா அல்லாஹ், இதை வாசிப்போர் யாவர்க்கும், அவர்கள் வீடுகளில் சுமக்கப்படும் ஒவ்வோர் உயிருக்கும், நிறைமாதம் காட்டுவாயாக.