சுடுதண்ணிக்காரன்

"அந்த ஆளு செத்துட்டாருன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"யாரு சொல்லணும்? அந்த இருமலை வெச்சிக்கிட்டு எவன் இத்தனை நாள் தாங்குவான்?"

"தெரியாம வைக்கக்கூடாதுடா. இது அம்மாவோட மேசை."

"மேசைதான் இவ்வளவு பெருசா இருக்கே, அக்கா. ஓரமா உக்காந்துக்கட்டும். அவருக்கு ஓரம்தான் பிடிக்கும்."

சொல்லிக்கொண்டே அதெமார் அந்தப் புகைப்படத்தைக் கருப்புத் துணியின் கடைசி மடிப்பில் சாய்த்து வைத்தான். அக்கா யோவானா அதை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

இது ஸ்பானிஷ் பேசும் மலை நகரமான பொத்தோசியில் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. நாய் ஊளையிடவில்லை, சன்னல் அடித்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் இருந்தால்தான் பேய் என்று நம்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதெமார் பொய்யே சொல்லாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. 'எந்நேரமும் வெந்நீர் உண்டு' என்று விடுதி வாசலில் எழுதி வைத்திருப்பவன் அவன். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கதவைத்தான் பார்ப்பான்.

அவர்களுடையது மலிவு விடுதி. வெள்ளிச் சுரங்க முதலாளி எவனோ கட்டிய பழைய வீடு. கல் முற்றம், முழங்கை நீளத் தடிமனுள்ள சுவர்கள், ஒவ்வொரு அறையிலும் அடுக்குக் கட்டில்கள். குளிக்கும் குழாயின் தலையில் மின்சாரக் கம்பி. தொட்டால் கை சுண்டும். அங்கே வந்து தங்குகிறவர்களை அதெமார் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊரிலே சொந்த வீடும் பல்லுக்குக் காப்பீடும் வைத்திருப்பார்கள். இங்கே வந்து ஒரு ரொட்டிக்குப் பேரம் பேசுவார்கள். மலையேறும் செருப்பு அவன் மாதச் செலவைவிட விலை கூடியது. அதைக் கழற்றினால் அறையில் ஆள் நிற்க முடியாது.

அவர்களிலேயே கடைந்தெடுத்தவர்தான் அந்தப் புகைப்படத்தில் இருந்த கிழவர். பெல்ஜியத்துக்காரர். பெயர் யோஸ்ட் என்பார். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. விடுதியில் அவர் பெயர் சுடுதண்ணிக்காரன்.

சில வருடங்களுக்கு முன் வந்தவர், ஒரு குளிர்காலம் முழுக்கப் போகவே இல்லை. காலுறைமேல் செருப்பு. கையில் ஒரு தகரக் குவளை. சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று கரண்டியால் குவளையைத் தட்டுவார்.

டிங்... டிங்... டிங்.

"சென்யோரா, கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?"

தேயிலைப் பை அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். ஏற்கனவே இரண்டு முறை ஊறியது. குடித்து முடித்ததும் அந்தப் பையைக் கரண்டியில் வைத்து, அதன் நூலாலேயே சுற்றிக் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிவார். அடுத்தவர் சூப்பில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்பார். விடிய விடிய இருமுவார்.

விடுதியை நடத்தியவர் அவர்கள் அம்மா, எர்சிலியா. கிழவரைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். "அந்தாளு என் சமையக்கட்டுல நிக்கிற வரைக்கும் நான் உள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே முற்றத்தில் நாற்காலி போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். குவளைச் சத்தம் போன பிறகுதான் அடுப்புக்கு வருவார். சொன்ன சொல்லில் நிற்கிற பெண்மணி.

அந்த எர்சிலியா இந்த மார்ச்சில் இறந்துபோனார். யோவானா அப்போது சுக்ரேயிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். கடைசியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏக்கம் அவளை விடவே இல்லை.

நவம்பர் முதல் தேதி நண்பகலில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் நண்பகலில் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊரில் இது பேருந்து நேரத்தைவிட நிச்சயமான விஷயம். அன்றைக்கு மேசை போட வேண்டும். யோவானா அம்மாவின் சமையலறையிலேயே போட்டாள். கருப்புத் துணி, கரும்பு வளைவு, இறங்கி வர ரொட்டியில் ஏணி, முகம் பதித்த ரொட்டிப் பொம்மைகள், பூவோடு வெங்காயத் தாள், அம்மாவுக்குப் பிடித்த வேர்க்கடலை சூப். நடுவில் அம்மாவின் படம்.

அந்த உயரத்தில், அந்தக் குளிரில் ஈ அபூர்வம். அன்றைக்கு மேசையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் ஆன்மா வந்துவிட்டது என்று அர்த்தம். யோவானாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரே ஒரு ஈ.

அதெமாருக்கு இதிலெல்லாம் இளக்காரம். பேருந்தில் வந்து இறங்கும் கும்பலுக்குக் காட்டலாம், படம் எடுத்துக்கொள்வார்கள், அந்த மட்டுக்கும் சரி என்றான். வரவேற்பறைச் சுவரில் பழைய விருந்தாளிகளின் படங்கள் ஒட்டியிருக்கும். கிழவரின் படத்தை அங்கிருந்துதான் பிய்த்து வந்தான். நாதியற்ற ஆன்மாக்களுக்கும் மேசையோரத்தில் ஒரு தட்டு வைப்பது வழக்கம்தானே என்று சாக்கு வேறு.

நண்பகல். கோயில் மணிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. யோவானா முழங்காலிட்டு அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தாள். குரல் உடைந்தது. பின்னால் நின்ற அதெமார் கிழவரின் தகரக் குவளையைப் போலவே ஒரு குவளையைத் தேடியெடுத்து, கரண்டியால் தட்டி, அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மிஸ்டர் யோஸ்ட், நீங்களும் வாங்க. இன்னிக்கு எல்லாமே ஓசி. தின்னுட்டுப் போங்க."

வாசலில் நின்ற விருந்தாளிகளில் ஒருவன் சிரித்தான்.

மணிகள் ஓய்ந்தன. ஒரு ஈ வந்தது.

யோவானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஈ அம்மாவின் படத்தைச் சுற்றவில்லை. சூப்பில் உட்காரவில்லை. நேராக மேசையின் ஓரத்துக்குப் போய் அந்தத் தகரக் குவளையின் விளிம்பில் உட்கார்ந்தது. நகரவே இல்லை.

"ஈக்கும் ஓசின்னா இனிக்குது" என்றான் அதெமார்.

அம்மா தாமதமாக வருவாள் என்று யோவானா நினைத்தாள். அம்மா எதற்குமே நேரத்துக்கு வந்ததில்லை.

மதியம் தாண்டியதும் சின்னச் சின்னதாகத் தொடங்கியது.

முதலில் சூப். அம்மாவின் கிண்ணத்தில் வேர்க்கடலைக் குழம்பு அப்படியே இருந்தது. உருளைக்கிழங்கு மட்டும் இல்லை. அதெமார் வாசலில் சிரித்தவனைப் பிடித்துக்கொண்டான். செத்தவள் தட்டிலிருந்து தின்னும் உங்களுக்கெல்லாம் கடவுச்சீட்டு ஒரு கேடா என்று கேட்டான். அவன் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். அதெமார் அவன் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டான்.

அடுத்தது வெந்நீர்க் குடுவை. யோவானா நிரப்பி மூடிய குடுவை காலியாக இருந்தது. மறுபடி நிரப்பினாள். மறுபடி காலி.

சாயங்காலம் மூக்குத்தி போட்ட ஒரு பெண் வரவேற்பறைக்கு வந்தாள். அறை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். மேல் கட்டிலில் இருப்பவர் ஓயாமல் இருமுகிறாராம்.

"எந்தக் கட்டில்?"

"மூலையில. என் கட்டிலுக்கு மேல."

அந்தக் கட்டில் அன்றைக்கு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அதெமாருக்கு அது தெரியும். உயரத்துக்கு வந்த தலைவலி, கோக்கா இலைத் தண்ணீர் குடித்துப் படு என்று அவளை அனுப்பிவிட்டான். இவர்களுக்கு நாலு படி ஏறினாலே காதில் ஆவி பேசும் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தான்.

சிரித்தான். ஆனால் போய்ப் பார்த்தான்.

மேல் கட்டில் காலி. போர்வை மடித்தபடி இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம். கையை வைத்தான்.

சூடு.

மறுநாள் காலை சமையலறைக்கு முதலில் வந்தவன் அவன்தான். மேசை அப்படியே இருந்தது. ரொட்டிப் பொம்மைகள் அப்படியே இருந்தன. தகரக் குவளைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி கிடந்தது. கரண்டியில் ஒரு தேயிலைப் பை.

நூலால் சுற்றி, இறுக்கி, கடைசிச் சொட்டு வரை பிழிந்தது.

அந்த வீட்டில் தேயிலைப் பை வாங்குவதே இல்லை.

அதெமார் அதைக் குப்பையில் எறிந்தான். கையைக் கழுவினான். மறுபடி கழுவினான். பிறகு கிழவரின் படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு அக்காவிடம் போனான்.

"மேசையைத் தூக்கிரலாம், அக்கா."

"இன்னும் பன்னெண்டு ஆகலையே."

"ஆனதும் தூக்கிரணும். ஒரு நிமிஷம்கூட வைக்கக்கூடாது."

யோவானா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்துதான் இதெல்லாம் ஊரை ஏமாத்துறதுன்ன. இன்னிக்குப் பாதிரியாருங்க கெட்டாங்க போ."

அவன் சிரிக்கவில்லை. கண்டதையெல்லாம் சொன்னான். சூப்பு, குடுவை, கட்டில், தேயிலைப் பை. அவள் முழுக்கக் கேட்டாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நண்பகலில் மேசையைக் கலைத்துவிட வேண்டும். உணவை ஜெபம் சொன்னவர்களுக்குப் பங்கிட்டு, துணியை உதறி மடித்துவிட வேண்டும். அப்போதுதான் வந்தவர் திரும்பிப் போவார். விரித்த மேசை விரித்தபடி இருந்தால் அவர் ஏன் போகப் போகிறார்? அந்த ஊரில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இது தெரியும். யோவானாவுக்கும் தெரியும்.

மணிகள் தொடங்கின.

அதெமார் துணியின் நுனியைப் பிடித்தான். யோவானா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா இன்னும் வரலைடா."

"விடு, அக்கா."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம். வழியில இருப்பா."

"மணி அடிக்குது. கையை விடு."

"உன் கேலிக்கு ஒரு கிழவனைக் கூட்டிட்டு வந்த. என் அம்மா வர்றதுக்குக் கொஞ்ச நேரம் தரமாட்டியா?"

அவள் பிடி தளரவில்லை. அவனைவிட அவளுக்குக் கைப்பலம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மணிகள் ஓய்ந்தன.

மேசை விரித்தபடியே இருந்தது.

முற்றத்தில் யாரும் இல்லை. காலி நாற்காலி ஒன்று சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதை அங்கே யார் போட்டது என்று இருவருக்கும் தெரியவில்லை. யோவானா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா வராமல் இல்லை. வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள். உள்ளே அந்த ஆள் நின்றிருக்கிறார்.

சொன்ன சொல்லில் நிற்கிற பெண்மணி.

வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. அதெமார் ஓடிப்போய் எடுத்தான். ஓடியது அழைப்புக்காக அல்ல.

பெல்ஜியத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். யோஸ்ட்டின் அண்ணன் மகளாம். சித்தப்பா உங்கள் விடுதியின் அட்டையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார், அதனால்தான் தகவல் சொல்லக் கூப்பிட்டேன் என்றாள். அவர் இறந்துவிட்டார்.

அதெமாருக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. செத்தவர்தான். நான் தப்பாக வைக்கவில்லை.

"எப்போ? போன வருஷமா?"

"இல்ல. நேத்து."

"உடம்பு முடியாம இருந்தாரா?"

"அதான் இல்ல. நல்லா இருந்தார். இருமல் மட்டும் சிகரெட்டால வந்தது, அது முப்பது வருஷமா இருக்கு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதியோர் இல்லத்துல எல்லாரோடயும் உக்காந்து தேநீர் குடிச்சிட்டிருந்தாராம்..."

அங்கே மாலை ஐந்து.

இங்கே நண்பகல்.

"...திடீர்னு கதவைப் பார்த்திருக்கார். சிரிச்சாராம். குவளையைக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சிருக்கார். அப்படியே விழுந்துட்டார். விழறதுக்கு முன்னால ஸ்பானிஷ்ல ஏதோ சொன்னாராம். தாதி அதை அப்படியே எனக்குச் சொன்னாங்க. எங்க யாருக்கும் புரியல. 'யா வோய்'னு. அப்படின்னா என்னங்க?"

அதெமார் வாயைத் திறந்தான்.

இதோ வந்துட்டேன்.

அதுதான் அர்த்தம். ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினான்.

"ஹலோ? இருக்கீங்களா?"

அக்கா முற்றத்தில் இருந்தாள். அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியே அவன் கண்ணுக்குத் தெரிந்தாள். விருந்தாளிகள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

சமையலறையில் யாரும் இல்லை.

நல்ல வெயில்.

ஒரு இருமல்.

அப்புறம் கரண்டி.

டிங்...

டிங்...

டிங்.

"சென்யோரா, கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?"