பசுவந்தனை மண்ணில் ஒரு சந்திர மண்டலம்

திங்கட்கிழமை காலை கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கினேன். எழும்பூரிலிருந்து எதிர் இருக்கையில் வந்த குடும்பம் தங்கள் புளியோதரையில் எனக்கும் ஒரு கை கொடுத்தது. மதுரையில் அவர்கள் இறங்கிப் போனபின் பெட்டி வெறிச்சென்று ஆகிவிட்டது. புரட்டாசி பிறந்தும் இங்கே வெயில் முகத்தில் அறைகிறது.

பொருட்காட்சியில் நான் போட வந்தது ‘சந்திர மண்டலம்’. டிக்கெட் பத்துக் காசு. ஜனங்களைத் தகர ராக்கெட்டில் ஏற்றிக் குலுக்கி, மறு கதவு வழியாகச் சந்திரனில் இறக்கிவிட வேண்டும். போன தடவை சாத்தூரில் சுண்ணாம்புத் தரை போட்டேன். “வெள்ளையடிச்ச வீடு மாதிரில்லா இருக்கு” என்று சிரித்தார்கள். ஞாயிறு திறப்பன்றும் சிரித்தால் கொட்டகையைப் பிரித்து ராட்டினம் போடுவதாகக் காண்டிராக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. உள்ளே வந்தவன் ஐந்து நிமிஷமாவது தன் ஊரை மறக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்கு?

செவ்வாய்க்கிழமை மூன்று ரூபாய் வாடகைக்கு மாட்டுவண்டி பிடித்து, பன்னிரண்டு மைல் தள்ளிப் பசுவந்தனைக்குப் போனேன். கண்ணுக்கெட்டிய மட்டும் கறுத்த பொட்டல். மரமில்லை, ஆளில்லை. அடடா, இதுவல்லவா சந்திரன்! பாதையோரப் புஞ்சையின் மேல்மண்ணை வாரி வண்டியை நிரப்பினேன்.

“யாரு புஞ்சையோ அண்ணாச்சி, ஒரு வார்த்த கேட்டுட்டு அள்ளுனா நல்லதுல்லா?” என்றார் வண்டிக்காரர்.

“வெறும் மண்ணுக்கு யாரைக் கேட்பது?” என்று அவர் வாயை அடைத்தேன்.

கொட்டகையில் மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, கூரையைத் திறந்து காயவிட்டேன். நன்றாக வெடிக்கட்டும் என்று மறுபடி மறுபடி தெளித்தேன். மண் பாளம் பாளமாக வெடித்தது. சுற்றிலும் கறுப்புத் துணி கட்டினேன். நடுவில் நின்று பார்த்தபோது எனக்கே ஊர் மறந்துபோயிற்று.

ஞாயிறு காலை எட்டு மணி. உள்ளே போனவன் திகைத்து நின்றேன். வெடிப்பெல்லாம் பச்சைப் பசேலென்று முளை!

“என்னவே இது? நிலாவுல கம்பு மொளைக்குமாவே?” என்று கத்தினார் காண்டிராக்டர். “நாலு மணிக்குத் திறப்பு. ஒண்ணு விடாமப் பிடுங்கும்!”

நான் குனிந்தேன்.

“பிடுங்காதீக!” என்றது ஒரு பெண் குரல்.

நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை புழுதி. வண்டிக்காரரை விசாரித்துக்கொண்டு பசுவந்தனையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அந்தப் புஞ்சை அவளுடையது.

“தரிசுன்னு நெனச்சிட்டேம்மா.”

“தரிசா? மழைக்கு முந்தியே புழுதியில வெதச்சுப் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு கெடக்கோம். எங்க பக்கம் வெதப்பே அப்படித்தான். ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா அண்ணாச்சி?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் நாலு வார்த்தை வையட்டும் என்று நின்றேன். அவளோ முளைகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அங்கன ஒரு சொட்டு விழல. எம் வெதை மொளைச்சு இந்த வருசம் இங்கனதான் பாக்குதேன்” என்றாள்.

காண்டிராக்டர் அவசரப்படுத்தினார். எனக்குக் கை ஓடவில்லை. “என்னால் பிடுங்க முடியாது” என்றேன்.

“அப்பம் ராட்டினக்காரனுக்குச் சொல்லியனுப்புதேன்” என்று அவர் போய்விட்டார். என் பிழைப்பு அவ்வளவு சுருக்காக முடிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குள் சந்திரனை வண்டியில் ஏற்றிவிட்டோம். முளை சாயாமல் ஒவ்வொரு பாளமாக அவளே எடுத்து வைத்தாள். மனசு கேட்காமல் சொன்னேன்: “அங்கே ஈரமே இல்லையேம்மா. கொண்டுபோனா வாடிடுமே.”

“வாடுனா வாடட்டும் அண்ணாச்சி. எம் புஞ்சையில கெடந்து வாடட்டும்.”

மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபக்கமும் அதே கறுத்த பொட்டல். ஆனால் இப்போது அதைப் பார்த்தால் எனக்குச் சந்திரன் நினைவு வரவில்லை. சென்னையில் என் அறை பூட்டிக் கிடக்கும். ஒரு வண்டி மண்ணைக் காணோம் என்று பன்னிரண்டு மைல் நடந்து வந்தாள் ஒருத்தி. நான் காணாமல் போனால் தெருமுனை வரை வந்து தேட ஒருவரும் இல்லை.