கடைசிப் பாட்டு ஏன் மெதுவாகப் போகிறது

பாரிஸ் லா சப்பலில் நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கதை எங்கெங்கோ போய்விடும். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், மெத்ரோ பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், செருப்புக் கடை ஒன்று மூடிய இடத்தை எடுத்துக் பாட்டுக் கசெற் கடை போட்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் மூன்று. அதில் ஒன்று 'நாளைக்கு'. அந்தச் சொல்லை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன். கடைக்குத் தட்டு அடித்தது நான். வயர் இழுத்தது நான், அதனால் ஒருமுறை முழுக் கட்டடமும் இருண்டுபோனதற்குப் பொறுப்பும் நான்தான். ஒரு தாய் மெஷினும் அதிலிருந்து பாட்டை வாங்கிப் பதியும் நான்கு பிள்ளை மெஷினும் வைத்து, ஊர்விட்டு வந்த சனம் கேட்ட பாட்டையெல்லாம் பதிந்து கொடுத்தேன். புறநகர் பியர்ஃபித்தில் வீடு வாங்கினேன். பிள்ளைகளைப் படிப்பித்தேன். இவ்வளவும் ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வரை அது அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு என் மகள் துளசி கையில் ஒரு பெரிய கறுப்பு இசைத்தட்டோடு வந்தாள். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. இந்தக் காலத்து ஆட்கள் திரும்பவும் இசைத்தட்டுக்குப் போய்விட்டார்கள். அது கீறுகிறது, வளைகிறது, இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்லித்தான் நாங்கள் கசெற்றுக்கே வந்தோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் உறையை விரித்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"அப்பா, இது உங்கட எழுத்தெல்லோ?"

என் எழுத்தை யாரும் தவறவிட முடியாது. பஸ் வராத தரிப்பிடத்தில் நிற்கிற ஆட்கள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் மற்றதோடு கதைக்காமல் தனியாக நிற்கும். உறையின் உள்பக்கம் முழுவதும் கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்றின் படம். மூலையில் ஒரு எண்ணெய்க் கறை. படத்தில் மணம் வராதுதான். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே மட்டன் ரோல் மணந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ரோல் வாங்கிக்கொண்டு வந்து, கையைத் துடைக்காமல் கொப்பியைத் தொட்டவன், கடைக்கு வந்து போகிற யோகன். எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி. துளசி வாசித்தாள்: "பாரிஸ் பத்தாம் வட்டாரத்துக் கடைக்காரர் ஒருவரின் கொப்பி."

ஒருவரின்.

இந்த இசைத்தட்டைச் செய்தவள் சுகந்தி. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், பியர்ஃபித்தில் வளர்ந்தவள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவள் முன்னுக்கு நின்று பாட, பின்னால் மூன்று வெள்ளைப் பெடியள் இரும்புப் பீப்பாயிலும் கிற்றாரிலும் அடிப்பார்கள். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அதை மறுபடி அச்சடித்து விட்டிருக்கிறார்களாம். அது யாருடையது என்று தெரியாமலே துளசி பிடித்துப்போய் வாங்கியிருக்கிறாள். கேட்டவர்கள் எழுதிய அபிப்பிராயங்கள் ஃபோனில் மலைபோலக் கிடந்தன. சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்தப் பெண் பாடவில்லை, எனக்குப் பின்னால் நடந்து வருகிறாள். இன்னொருவர்: என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இதைவிட நன்றாகப் பாடும், ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே பத்துப் பேர் அந்த ஆளைப் பிடித்துத் திட்டியிருந்தார்கள். ஒரு மாது, மகன் பிறந்த ஆஸ்பத்திரியில் இதைத்தான் கேட்டேன் என்று எழுதியிருந்தாள். ஏனென்று சொல்லவில்லை.

"தொடக்கத்திலை இண்டஸ்ட்ரியல் றொக் அப்பா, இரும்படிக்கிற சத்தம். பிறகு மெல்லப் போற ட்ரிப்-ஹொப்பா மாறுது," என்றாள் துளசி.

"எந்த இடத்திலை மாறுது?"

"மூண்டாம் பாட்டிலை. அதிலையிருந்து ஒவ்வொரு பாட்டும் மற்றதைவிட ஸ்லோ. கடைசிப் பாட்டு முழங்கால் வருத்தக்காரர் படி ஏறுற மாதிரி. அதைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை பிடிக்கினம்."

பெரிய பெரிய விளக்கமெல்லாம் எழுதியிருந்தார்கள். நகரத்தின் அவசரத்துக்கு இது எதிர்ப்பு என்கிறார் ஒருவர். சாவை நோக்கிப் போகும் பயணம் என்கிறார் இன்னொருவர், அவர் பேராசிரியராக இருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அது எதிர்ப்புமில்லை, சாவுமில்லை. முருங்கைக்காய்க் கட்டின் ரப்பர்.

சொல்கிறேன். அதற்கு முதலில் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடை தொடங்கிய காலத்தில் எது விற்கும், எது தூங்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. படித்தவர்கள் பத்திரிகையில் விமர்சனம் வாசித்துத் தெரிந்துகொள்வார்கள். எனக்கு ஒரு பக்கம் வாசித்து முடிய ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். அதனால் கதவடியில் ஒரு முக்காலி போட்டு, காதில் மாட்டிக் கேட்கிற ஹெட்போன் ஒன்றை அங்கே தொங்கவிட்டேன். புதிதாக எது வந்தாலும் யாரும் இலவசமாகக் கேட்கலாம். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. கொப்பியில் அபிப்பிராயம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதப் பஞ்சிப்பட்டால் வாயால் சொல்ல வேண்டும், நான் எழுதுவேன். பாரிசில் வேறெந்தக் கடையில் இந்த முறை இருந்தது? இப்போது ஃபோனில் நட்சத்திரம் போடுகிறார்களே, அதை நான் ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் அப்போதே செய்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை சுகந்தி கடைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். பகலில் ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிக்கிற வேலை. தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவள் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்ததில் தகப்பன் அவளோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். ஒரு கசெற்றை நீட்டினாள்.

"அண்ணை, உதிலை எங்கட பாட்டு எட்டு இருக்கு. முப்பது கசெற்றிலை அடிச்சுத் தருவியளோ? திங்கக்கிழமை பாட்டுக் கொம்பனிகளுக்குக் குடுக்கோணும்."

"அடிச்சுத் தரலாம். இது என்ன சத்தம், கராஜோ?"

"பாட்டு."

"சொன்னா நம்பத்தானே வேணும்."

அவள் போய்ப் பத்து நிமிடமில்லை, தாய் மெஷினின் பெல்ட் அறுந்தது. கசெற்றைச் சுழற்றுகிற மெல்லிய ரப்பர் வளையம் அது. உதிரிப்பாகக் கடை செவ்வாய்தான் திறக்கும். சனிக்கிழமையில் லா சப்பலில் மெஷின் நிற்பதென்றால் கோயில் திருவிழாவில் தேர் நிற்பது மாதிரி. நான் பெடியனாக இருந்த காலத்தில் சைக்கிள் கடையில் நின்றவன். ரப்பரால் தீராத பிரச்சினை இந்த உலகத்தில் இல்லை என்பது என் படிப்பு. பக்கத்து மரக்கறிக் கடையில் விமானத்தில் வந்த முருங்கைக்காய்க் கட்டுகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு கட்டுக்கும் தடித்த ரப்பர் பாண்ட். ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். மரக்கறிக்காரர் கத்தினார்: "உமக்கு ரப்பர் வேணுமெண்டால் முருங்கைக்காயையும் வாங்கும்." வாங்கினேன். அன்றைக்கு வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு.

ரப்பர் அளவாகப் பொருந்தியது. என்னை நானே மெச்சிக்கொண்டு முப்பது பிரதியும் அடித்து முடித்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். முருங்கைக்காயைக் கட்டுகிற ரப்பர் மெஷினுக்குள்ளே சூடேறினால் இளகும், இளகினால் வழுக்கும். முதல் இரண்டு பாட்டும் சரி. மூன்றாவதில் தாய் மெஷின் மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கசெற்றை மாற்ற நிறுத்துகிற நேரத்தில் ஆறும், திரும்பவும் மூன்றாம் பாட்டில் தளரும். எட்டாவது பாட்டில் சுகந்தியின் குரல் ஆம்பிளைக் குரலுக்கு ஒரு படி மேலே, கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தாய் மெதுவாகப் போனால் பிள்ளைகள் நான்கும் அந்த மெதுவைத்தானே படிக்கும்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்தேன். பின்னேரம், கூடுதலாக அடித்த ஒரு பிரதியை ஹெட்போனில் போட்டுவிட்டேன், சிரிக்கலாம் என்று ஒரு முசுப்பாத்திக்கு.

யோகன்தான் முதலில் கேட்டான். ரோல் தின்கிற யோகன். ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிளோஞ் அடிக்கிறவன், பாத்திரம் கழுவுகிற வேலைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் அது. இரண்டு நிமிடத்தில் கழற்றி எறிவான் என்று பார்த்தேன். எட்டுப் பாட்டும் முடியும்வரை முக்காலியில் இருந்தான். ரோல் ஆறிப்போனது.

"என்னடா?"

"அண்ணை, நான் பிளோஞ்சிலை நிக்கேக்கை என்ரை தலைக்குள்ளை கேக்கிற சத்தம் இதுதான். இது வெளியிலையும் கேக்குமெண்டு எனக்குத் தெரியாது."

அதை அப்படியே எழுதினேன். பிறகு செபமாலை அண்ணை வந்தார், தேவாலயத்தில் பூ வைக்கிறவர். கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு நல்ல குரல். ஆரோ அவளின்ரை சட்டையைப் பின்னாலை பிடிச்சு வைச்சிருக்கினம்," என்றார். வன்னியிலிருந்து வந்து ஆறு மாதமான ஒருவர் கொப்பியில் தானே எழுதினார்: 'இன்னொருக்கால் கேக்கலாமோ?' அன்றைக்கு அதே மெஷினில் பதிந்த பிள்ளையார் பாட்டை வாங்கிய ஒரு அம்மா மட்டும் அடுத்த நாள் திருப்பிக்கொண்டு வந்தார். "தம்பி, பாடினவருக்குச் சளித் தடிமன் போல கிடக்கு." அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரதிகளை வாங்கிக்கொண்டு போன சுகந்தி திங்கள் காலையே திரும்பி வந்தாள். பையைக் கவிழ்த்து முப்பதையும் மேசையில் கொட்டினாள்.

"என்னண்ணை செய்து வைச்சிருக்கிறியள்? இது என்ரை குரலே இல்லை. இண்டைக்கு நான் எதைக் குடுக்கிறது?"

ரப்பரைக் கழற்றிக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த நாளாம் அது. வேறு ஒன்றும் கையில் இல்லாமல், கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். "சனம் சொன்னதை வாசி" என்றேன்.

அவளுக்குத் தமிழ் வாசிப்பு என்னைவிட மெதுவு. விரலை வைத்து வாசித்தாள். யோகன் சொன்னதைத் திரும்பவும் வாசித்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, தன்னுடைய பாட்டைத் தான் பாடாத வேகத்தில் தொடக்கத்திலிருந்து கேட்டாள். நான் கடைக்கு வந்தவர்களைச் சைகையால் பேசாமல் இருக்கச் சொன்னேன். கழற்றும்போது முகம் மாறியிருந்தது.

"அண்ணை, நாங்கள் இதை இந்த வேகத்திலையே திரும்பப் பாடப்போறம். அந்த ரப்பரைத் தாங்கோ. கொப்பியையும் தாங்கோ, கொண்டுவந்து தாறன்."

கொப்பி திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் இசைத்தட்டு வந்தது. அது வருவதற்கு ஒரு மாதம் முன்னர் அவள் வந்து கேட்டாள்: "நன்றி சொல்லுற இடத்திலை உங்கட பேரைப் போடட்டோ? உங்களாலைதானே."

இந்த இடத்தில் பொய் சொல்லப் போவதில்லை. வேண்டாம் என்றேன். அனுமதியில்லாமல் கசெற் பதிகிற கடைக்காரனின் பெயர் அச்சில் வந்தால் கேள்வி கேட்கிற ஆட்கள் தேடி வருவார்கள் என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. அவளுடைய தகப்பன் என் வாடிக்கையாளர். பிள்ளையைக் கெடுத்தவன் என்று தேவாலய வாசலில் என்னைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். "சும்மா ஒரு கடைக்காரர் எண்டு போடு பிள்ளை, சோலியில்லை" என்றேன். அவள் "ஓம் அண்ணை" என்றாள்.

சொன்ன சொல்லை அவள் இருபத்தைந்து வருடம் காப்பாற்றியிருக்கிறாள்.

என் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோனுக்கு உறை விற்கிறார்கள். முக்காலி இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. தாய் மெஷின் எங்கே போனதென்று தெரியவில்லை. கடையை மூடிய கிழமை, மற்றக் கொப்பிகள் பதினொன்றையும் நானே பச்சைக் குப்பை வாளிக்குள் போட்டேன், அவற்றுக்குள்ளே என்ன இருக்கிறதென்று நினைத்தும் பார்க்காமல். யோகன் லண்டனுக்குப் போய்விட்டான். செபமாலை அண்ணை காலமாகிவிட்டார். காதில் மாட்டிய பாட்டைப் பற்றி முன்னுக்கு நிற்கிறவனிடம் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இப்போது அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. மிஞ்சியது அவள் கொண்டுபோன ஒரு கொப்பிதான்.

ஃபோனில் ஒருவர் கேட்டிருக்கிறார்: உறையில் உள்ள அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்காவது தெரியுமா? யாரும் பதில் சொல்லவில்லை. துளசி, "நான் எழுதட்டோ அப்பா?" என்று கேட்டாள். பொறு, நானே எழுதுகிறேன் என்றேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

கடைசி வரி என் அபிப்பிராயம். 'இது பாட்டோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் கேட்ட ஒருத்தரும் பாதியிலை கழற்றேல்லை.' அந்த இசைத்தட்டைப் பற்றி முதலில் எழுதப்பட்ட விமர்சனங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கியவன் நான். அந்த வேகத்தைக் கொடுத்தவனும் நான், தெரியாமல் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

சுகந்தி, அன்றைக்கு வேண்டாம் என்று நான் சொன்ன சொல்லை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த 'ஒருவரை' எடுத்துவிட்டுப் பெயரைப் போடு. உனக்கு என் பெயர் தெரியும்.