அம்மிக் குழவிக்குப் பெயர் வைத்த அக்கா

எங்கள் அக்கா மணப்பாறையில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதும் எனக்கு நான்கு வயதும் இருக்கும்போது அப்பாவுக்கு வேலை மாற்றலாகி ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தோம். சாமான்களோடு லாரியில் ரங்குவும் வந்தான். ரங்கு யாரென்று அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டு அம்மிக் குழவிதான் ரங்கு. பெயர் வைத்தவர் அக்கா.

பொம்மை வேண்டுமென்று அக்கா அழுததாக எனக்கு நினைவில்லை. வீட்டில் எது அவர் கையில் பட்டாலும் வேறொன்றாகிவிடும். முறம் பஸ்ஸின் ஸ்டியரிங். சல்லடையைத் தூக்கிப் பிடித்தால் வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழும், அது மழை. அந்த மழையில் நனையாமல் ரங்குவை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மணப்பாறைக்கு பஸ் ஏறுவார் அக்கா. டிரைவர் நான். மத்தியானம் முழுக்க ஓட்டியும் அந்த பஸ் ஊர் போய்ச் சேர்ந்ததே இல்லை. சேர வேண்டுமென்ற அவசரமும் எங்களுக்கு இல்லை.

துவையல் அரைக்க வேண்டுமானால் அம்மா அக்காவிடம் அனுமதி கேட்பார். மிளகாய் அரைத்த நாளில் பிள்ளைக்குக் கண் எரியுமென்று ரங்குவுக்கு இரண்டு முறை குளியல் நடக்கும். என்னிடம் தரும்போது மட்டும் அக்காவின் முகம் கண்டிப்பாகிவிடும்.

"தலையப் பாத்துப் புடிடா."

அந்தக் கல்லில் தலை எது, கால் எது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அக்காவுக்குத் தெரியும்.

பிறகு அக்கா படித்து, மன்னார்புரத்தில் ஒரு சிறிய பள்ளியில் மழலையர் வகுப்புக்கு டீச்சரானார். கரண்டி, சல்லடை, ஓரம் பிய்ந்த முறம் என்று சமையலறையில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். திருமணம் நடந்தது. குழந்தை பிறக்கவில்லை. கோயில், டாக்டர் என்று அத்தானும் அவரும் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல.

எனக்கு மகள் பிறந்தாள். நம் வழக்கப்படி, பிள்ளையைத் தொட்டிலில் இடுவதற்கு முன் குழவிக் கல்லைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, அதைத்தான் முதலில் இடுவோம். எங்கள் வீட்டில் அது அத்தையின் உரிமை. அன்று காலையிலேயே ரங்குவைத் தயார் செய்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் அக்கா. அவருக்கு அது சடங்காகத் தோன்றியிருக்காது. அவர் பிள்ளைக்குத் தொட்டில் கிடைக்கும் நாள்.

அப்போது உறவில் பெரியவர் ஒருவர், பிள்ளை பெறாத கையால் வேண்டாமே என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொட்டில் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா ரங்குவை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார். அங்கிருந்து ஒன்றுதான் சொன்னார்.

"தலையப் பாத்துப் புடிங்க."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. என் மகளையும் அதே பஸ்ஸில் ஏற்றி வளர்த்தார். அத்தான் மறைந்தபின் கே.கே. நகரில் எங்களோடு வந்து இருந்தார். போன வருடம் படுக்கையில் விழுந்தபோது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மிக்சி வந்த நாளிலிருந்து தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த ரங்குவை ஒரு மாலையில் எடுத்துக் கழுவித் துடைத்து, அவர் பக்கத்தில் படுக்க வைத்தேன். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்க்கா" என்றேன்.

அவர் ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை மெல்ல நகர்ந்து, குழவியின் ஒரு முனைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டது.

"பஸ் வந்துடுச்சா?" என்றார்.

"இந்தா வருதுக்கா."

இந்த வீட்டில் முறம் கிடையாது. மேசையில் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து, அவர் தூங்கும்வரை திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அக்கா எங்களைவிட்டுப் போனார்.

அக்காவுக்கு மருந்து கொடுத்த டாக்டரம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கும், வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு செய்தியும் உண்டு. அடுத்த மாதம் என் மகளின் குழந்தைக்குத் தொட்டில் போடுகிறோம். அனைவரும் வர வேண்டும். பிள்ளை இல்லை, துணை இல்லை என்று யாரும் சமையலறை வாசலில் நின்றுவிடாதீர்கள், தொட்டிலருகே வாருங்கள். ரங்குவை உங்கள் ஒவ்வொருவர் கையிலும் நானே தருவேன். தலையைப் பார்த்துப் பிடித்தால் போதும்.