நான் கிழித்த படம்

என் அண்ணன் என் அப்பாவை அடித்தபோது அவனுடைய இடது கையில் என் விமர்சனம் இருந்தது. வலது கையில் கோழிப்பண்ணையில் தண்ணீர் விடுகிற பிளாஸ்டிக் பைப்பின் ஒரு துண்டு. கைப்பேசியைப் பார்த்து இரண்டு வரி வாசிப்பான், ஓர் அடி போடுவான், மறுபடி வாசிப்பான். தடுமாறாமல் வாசித்தான். என் வாக்கியங்கள் உரக்க வாசிக்கத் தோதானவை என்று நானே பெருமை பேசியிருக்கிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வார இறுதியில் இணைய இதழ் ஒன்றுக்குச் சினிமா விமர்சனம் எழுதுவேன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அடிக்கிற கை நீளம் என்றால் எனக்கு நாக்கு நீளம். வாசகர்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த நாக்குதான். கிழி கிழியென்று கிழித்துவிட்டீர்கள் என்பார்கள், தோலை உரித்துத் தொங்கவிட்டீர்கள் என்பார்கள், வச்சு செஞ்சுட்டீங்க மேடம் என்பார்கள். கறிக்கடைக்காரரைப் பாராட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அந்த இயக்குநர் முப்பது வருடமாக அரிவாள் இல்லாமல் படம் எடுக்காதவர். அவர் படத்தில் இடைவேளைக்கு முன்னால் ஒரு தலையாவது உருளும். எழுபது வயதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஒரு காதல் நகைச்சுவை எடுத்தார். மனைவியை இழந்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டி முதலாளிக்கும் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிற விதவை ஒருத்திக்கும் வயதான காலத்தில் வருகிற காதல். முதல் நாள் காலைக் காட்சிக்கு நானும் போனேன். அரிவாள் எப்போது வரும் என்று காத்திருந்த ரசிகர்கள், கதாநாயகன் மூட்டு வலித் தைலம் தேடுவதைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். இடைவேளையில் ஒருத்தன் பாப்கார்ன் விற்கிற இடத்துக் கண்ணாடியைக் கையால் குத்தினான். மணிக்கட்டு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் கூட்டாளி எங்கள் வரிசை நாற்காலிகளைச் சாவியால் கிழித்துக்கொண்டே போனான். நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தையும் படத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எழுதி அனுப்பிவிட்டேன். 'மாத்திரை எடுத்துத் தர ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பெரியவர் வைத்திருக்கும் பெயர் காதல்' என்று ஒரு வரி. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். ஆனால் பெரிய அடி வேறு இடத்தில் இருந்தது. படம் முழுக்க அவள் அவரைச் சாமி, சாமி என்று கூப்பிடுகிறாள். 'இந்தக் காலத்திலும் பெண் ஆணைத் தெய்வமாக்கிக் காலில் விழ வேண்டுமா? அந்தச் சொல் வரும்போதெல்லாம் திரையைக் கிழிக்கத் தோன்றியது' என்று எழுதினேன்.

அது பொய். எங்கள் பக்கம் சாமி என்பது கும்பிடுகிற சொல் இல்லை. பாலுக்கு அழுகிற குழந்தையும் சாமி, பஸ்ஸில் ஏறுகிற பெரியவரும் சாமி, கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிற கன்றுக்குட்டியும் சாமி. அப்பா என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். அதோடு படத்தில் அவரும் அவளைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். என் காதால் கேட்டேன். அதை எழுதினால் கட்டுரையின் முதுகெலும்பு போய்விடும் என்று விட்டுவிட்டேன். சென்னைக்காரர்கள் என் வரிகளை எடுத்துப்போட்டு, மண்ணின் மகளே சொல்கிறாள் பாருங்கள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

தூக்குவதற்கு முன்பே அப்பா அதைப் பார்த்திருந்தார். சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் பண்ணை. அம்மா இறந்து நான்கு வருடம். சினிமாவே பார்க்காத மனிதர் நாமக்கல் போய் மத்தியானக் காட்சி பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார்.

"ஏஞ்சாமி, அந்தப் படம் பாத்தியா?"

"பாத்தனுங்கப்பா. குப்பை."

"அப்பிடியா? எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கிழவன் பண்ணுனது தப்பா சாமி?"

"தப்பில்லீங்கப்பா. அசிங்கம்."

சரி சாமி என்று வைத்துவிட்டார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நானும் அத்தோடு மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொன்னார். பண்ணையைப் பார்த்துக்கொள்கிற அண்ணனும் அண்ணியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு அம்மாவை ரெஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா சொன்னார். எங்கள் பண்ணையில் பத்து வருடமாக முட்டை தரம் பிரிக்கிற பெண். புருஷன் இல்லை. எங்கள் சாதியும் இல்லை. படத்துக்கு அவளோடுதான் போயிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கூச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தான்.

"உன்ற மகளே எழுதியிருக்கறா பாரு. ஊர் ஒலகமே படிச்சிருக்குது. கேளு." மாத்திரை வரியை வாசித்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"அவ படத்தப் பத்தி எழுதுனா. நிறுத்து சாமி" என்றார் அப்பா.

"யாருக்கு யாருய்யா சாமி? அந்த முட்டக்காரி கூப்புடறாளே, அந்தச் சாமியா?" கதவோரம் கிடந்த பைப்பை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அப்பா நாற்காலியோடு சாய்ந்தார். திரையைக் கிழிக்கத் தோன்றியது என்ற வரிக்கு இரண்டாவது அடி. அண்ணி கத்தினாள். கத்தலைக் கேட்டு அந்த அம்மா ஓடிவந்து வாசலில் நின்றாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பி, அந்தச் சாமி வரிகளை அவளுக்கும் ஒருமுறை உரக்க வாசித்துவிட்டுப் பைப்பை ஓங்கினான். எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, அப்பா எழுந்து குறுக்கே போய்க் கையை நீட்டினார். முன்கை எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வேண்டாஞ்சாமி. அவ ஒண்ணும் பண்ணல சாமி. அடிக்காத சாமி."

கும்பிடவில்லை அவர். காலிலும் விழவில்லை. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

என் கையில் அகப்பட்டது தீவனம் அள்ளுகிற இரும்பு வாளி. அதை ஓங்கி அண்ணன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் உட்கார்ந்த பிறகும் இன்னொரு முறை அடித்தேன். யாரை அடித்தேன் என்று இன்றைக்குவரை யோசிக்கிறேன். அவன் வாசித்ததெல்லாம் என் வரிகள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில், ஷெட்டில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அப்பா எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொடுத்ததும் நான்தான். அந்தப் பொய்யும் சரளமாகவே வந்தது. அன்றிரவு இதழின் ஆசிரியருக்கு போன் செய்து கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றேன். படமே போயாச்சு, இனி எதுக்கு மேடம் என்றார். அந்த இயக்குநரும் அடுத்த படத்தை அறிவித்திருந்தார். விளம்பரத்தில் ரத்தம் சொட்டுகிற அரிவாள். பெரியவர் தெளிந்துவிட்டார் என்று எல்லா விமர்சகர்களும் மகிழ்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்த அம்மா கட்டிலருகே தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தாள். தயிர்ச் சோறு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இருக்கட்டுங்க மேடம்" என்றாள்.

பத்து வருடமாக வாசலில் என்னைப் பார்த்தால் 'வா சாமி, எப்ப வந்தே?' என்று கேட்டவள். அப்பாவையும் சாமி என்றுதான் கூப்பிடுவாள். ஏன் மேடம் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அப்பிடிக் கூப்புடறது தப்புங்களாமா. நீங்க எழுதியிருக்கறீங்கன்னு உங்கண்ணன் படிச்சாருங்களே. எனக்குத் தெரியாமப் போச்சுங்க." குத்தலாகச் சொல்லவில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளை சொல்வதுபோல் சொன்னாள். "அவருக்கு எலும்பு கூடற வரைக்கும் சோறு கொண்டாந்து குடுக்கறனுங்க. அதுக்கு மேல நான் வர்லீங்க. கல்யாணமெல்லாம் வேண்டாமுங்க."

நான் எழுதியது பொய் என்று அவளிடம் சொன்னேன். படத்தில் அவரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார், நான் வேண்டுமென்றே விட்டேன் என்று சொன்னேன். படித்தவர்கள் தெரியாமல் எழுத மாட்டார்கள் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயத் தொறங்க" என்றாள்.

அப்பா திறக்கவில்லை. அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்தவர்போல அவள் உதட்டையே பார்த்துக் காத்திருந்தார். அவள் கையைத் தாழ்த்தவில்லை. வேறெதுவும் சொல்லவும் இல்லை. நான் டீயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார்.